தடையும் அறிவும்: புத்தளக் கரையோரமும் இலத்திரனியற் சிகரட்டின் மின்கலமும்

கடல்வழி வந்த பொருளையும், அப்பொருளைத் தடுக்க முனைந்த அதிகாரத்தையும் விலக்கிவிட்டுப் புத்தளக் கரையோரத்தின் வரலாற்றை எழுதுதல் இயலாது. 1344 ஆம் ஆண்டில் இக்கரையை அடைந்த மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதா, வெள்ளம் அடித்துக்கொண்டுவந்த கறுவா மரங்கள் குன்றுபோலக் கரையிலே குவிந்து கிடந்ததைக் கண்டு தம் யாத்திரை நூலிற் குறித்துள்ளார். மறுகரையிலிருந்து வந்தோர் அவற்றை விலையின்றி எடுத்துச் சென்றனர் என்றும், ஈடாக ஆரியச்சக்கரவர்த்திக்குத் துணி முதலியவற்றைக் கையுறையாக அளித்தனர் என்றும் அவர் கூறுவர். அன்று இக்கரை திறந்த கரையாக இருந்தது.

மூன்று நூற்றாண்டுகள் கழிந்தபின் நிலைமை மாறிற்று. கண்டியரசு வெளியுலகுடன் வாணிகம் செய்தற்கு எஞ்சியிருந்த வாயில்களுள் புத்தளமும் ஒன்றாகும். அவ்வாயிலைத் தம் கண்காணிப்பில் வைத்திருத்தற்பொருட்டு ஒல்லாந்தர் களப்பின் முகப்பிலே கற்பிட்டிக் கோட்டையை எழுப்பினர். 1667 இல் தொடங்கிய வேலை 1676 இல் நிறைவெய்திற்று. அக்கோட்டையைக் கல்லில் எழுதப்பெற்ற ஒரு தடைச்சட்டம் எனக் கருதினும் தவறாகாது. அதே கற்பிட்டியிலேதான் 1807 இல் சைமன் காசிச்செட்டி பிறந்தார். இலங்கையின் ஊர்களைப் பற்றிய செய்திகளை அகரவரிசையில் திரட்டி 1834 இலும், தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்து 1859 இலும் ஆங்கிலத்தில் நூல்களாக வெளியிட்டவர் அவர். கோட்டை பொருளைத் தடுத்தது. காசிச்செட்டியின் நூல்கள் அறிவைத் திரட்டின. ஒரே ஊர் இவ்விரு மரபுகளுக்கும் இடமளித்தது.

தடுத்தலும் அறிதலும் ஒன்றல்ல என்பது நோக்கற்பாலது. ஒரு பொருளைத் தடைசெய்துவிட்டால் அதனைப் பற்றி அறியவேண்டிய தேவையும் ஒழிந்துவிடும் என்னும் எண்ணம் ஆட்சியாளரிடத்தும் மக்களிடத்தும் பரவலாகக் காணப்படுகின்றது. இலங்கையில் 2016 ஆம் ஆண்டு தொடக்கம் தடைக்குட்பட்டுள்ள இலத்திரனியற் சிகரட்டும், அதனுள்ளே பொதிந்திருக்கும் இலித்திய அயன் மின்கலமும் அவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கு ஏற்ற எடுத்துக்காட்டுகளாகும். புத்தளக் கரையோரத்தின் வரலாற்றுப் பின்னணியில் அவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புகையிலையும் பீடியிலையும்

புகைத்தற் பொருள்கள் இக்கரைக்குப் புதியனவல்ல. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியானமை ஒல்லாந்தர் காலம் முதலாக நன்கறியப்பட்ட செய்தி. கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்றரையிலும் மிளகாய், வெங்காயம் என்பவற்றோடு புகையிலை பயிராகி வந்துள்ளது. இங்கு விளைந்த இலை ஒருபுறமிருக்க, இந்தியாவிலிருந்து வரும் பீடியிலையும் இக்கரையின் பொருளியலில் இடம்பெற்றது. பீடியிலை முற்றாகத் தடுக்கப்பட்ட பொருளன்று. தீர்வை செலுத்தி இறக்குமதி செய்யத்தக்கது. ஆயினும் தீர்வை உயருந்தோறும் கள்ளவழி இலாபமாகின்றது. கற்பிட்டி, நுரைச்சோலை ஆகிய பகுதிகளில் கடற்படையினர் பீடியிலைப் பொதிகளைக் கைப்பற்றிய செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி வெளிவருதல் இதன் விளைவேயாகும்.

பீடியிலை உடலுக்குத் தீங்கானது என்பதில் ஐயமில்லை. எனினும் பொருள் என்ற அளவில் அது அமைதியானது. கடலில் நனைந்த பொதி கரையொதுங்கினால் உரியவனுக்கு நட்டமேயன்றிக் கண்டெடுத்தவனுக்கு ஆபத்தில்லை. அதை வெயிலில் உலர்த்திவிட்டாற் போதும். அதனை மறைத்து வைப்பதாலும் தீங்கு மிகுவதில்லை. புகையிலை சார்ந்த பழைய பொருள்கள் அனைத்தும் இவ்வியல்பினவே. பற்றவைத்தாலன்றி அவை எரியமாட்டா. தானே தீயை உள்ளடக்கிய புகைத்தற் பொருள் ஒன்று தோன்றியது அண்மைக் காலத்திலேதான்.

புதிய கருவியின் தோற்றம்

புகையிலையை எரிக்காமல் ஆவியை உள்ளிழுக்கும் கருவி ஒன்றுக்கு அமெரிக்கரான ஹேர்பேட் கில்பேட் 1963 இல் விண்ணப்பித்து 1965 இல் காப்புரிமை பெற்றார். அக்கருவி சந்தையில் நிலைபெறவில்லை. 2003 இல் சீன மருந்தியலாளர் ஹொன் லிக் அமைத்த கருவியே இன்றைய இலத்திரனியற் சிகரட்டுக்கு மூலமாயிற்று. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் நிகழ்ந்த பெருமாற்றம், விரலளவு உருளைக்குள் மிகுந்த ஆற்றலை அடக்கத்தக்க மின்கலம் தோன்றியமையாகும்.

வோல்ற்றா 1800 இல் அமைத்த மின்கலவடுக்கும், 1866 இல் லெக்கிளாஞ்சே அமைத்த கலமும், அதன் வழிவந்த டோர்ச் பற்றரியும் நீர் கலந்த உப்புக் கரைசலையோ பசையையோ கொண்டவை. இலித்தியமோ நீருடன் தாக்கம் புரியும் உலோகம். ஆதலின் அதனைக் கொண்டு கலம் அமைத்தோர் நீரை விலக்கி, எரியத்தக்க சேதனத் திரவங்களை நாடவேண்டியதாயிற்று. 1970 களில் ஸ்டான்லி விற்றிங்ஹாம் இலித்திய உலோகக் கலத்தை அமைத்தார். 1980 இல் ஒக்ஸ்பேட்டில் ஜோன் குடினவ் கோபாற்று ஒட்சைட்டின் பயனைக் கண்டறிந்தார். 1985 இல் ஜப்பானின் அகிரா யொஷினோ உலோகத்தை விடுத்துக் கரிமப் பொருளைக் கொண்டு ஒப்பீட்டளவிற் பாதுகாப்பான கலத்தை உருவாக்கினார். 1991 இல் சோனி நிறுவனம் அதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2019 இல் மூவருக்கும் இரசாயனவியலுக்கான நொபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. பாதுகாப்பே இக்கலத்தின் வரலாற்றை நடத்திச் சென்ற வினா என்பது இங்கு கருதத்தக்கது. 1989 இல் ஜப்பானியக் கைத்தொலைபேசிகளிற் பயன்பட்ட இலித்திய உலோகக் கலங்கள் தீப்பற்றியமையால் மீளப்பெறப்பட்டன. அந்நிகழ்ச்சியின் பின்னரே உலோகக் கலம் கைவிடப்பட்டு அயன் கலம் முதன்மை பெற்றது.

கலம் தீப்பற்றும் வகை

இலித்திய அயன் கலத்தினுள்ளே இரு மெல்லிய தகடுகள் சுருட்டி வைக்கப்பட்டுள்ளன. ஒன்றில் உலோக ஒட்சைட்டும் மற்றொன்றிற் காரீயமும் பூசப்பட்டிருக்கும். அவையிரண்டும் ஒன்றையொன்று தொடாதவாறு தலைமயிரினும் மெல்லிய பிளாத்திக்குப் படலம் இடையில் நிற்கிறது. மூன்றும் எரியத்தக்க திரவத்தில் ஊறியிருக்கின்றன. கலம் முழுவதும் அப்படலத்தை நம்பியே இருக்கிறது எனலாம்.

கலம் மிகையாக மின்னேற்றப்பட்டாலும், கீழே விழுந்து நசுங்கினாலும், இரு முனைகளும் ஓர் உலோகத்தாற் குறுஞ்சுற்றாக இணைந்தாலும் உள்ளே வெப்பம் உயர்கிறது. ஏறத்தாழ 130 பாகை செல்சியசை அண்மித்ததும் படலம் உருகுகிறது. தகடுகள் ஒன்றையொன்று தொடுகின்றன. வெப்பம் மேலும் பெருகுகிறது. இனி அதனை வெளியிலிருந்து நிறுத்துதல் அரிது. வெப்பமுற்ற ஒட்சைட்டு தானே ஒட்சிசனை வெளியிடுவதால், எரிதற்கு வெளிக்காற்றையும் அது வேண்டிநிற்பதில்லை. கரையோர மக்கள் தீயைக் கண்டதும் மணலை அள்ளித் தூவுவர். சமையலறைத் தீக்கு அது தக்க மருந்தே. கலத்தின் தீயிலோ மணல் சுவாலையை மறைக்குமேயன்றி உள்வெப்பத்தைத் தணிக்காது. கருவியின் தீக்கு வேண்டுவது குளிர்வித்தல். அதற்கு மிகுதியான நீரே ஏற்றது. வெளிவரும் புகையில் ஐதரசன் புளோரைட்டு போன்ற நச்சு வாயுக்கள் கலந்திருத்தலின் அதனைச் சுவாசித்தலும் தீது.

கைத்தொலைபேசியிலும் இதே வகைக் கலமே உண்டு. ஆயின் இலத்திரனியற் சிகரட்டு தனிச் சிறப்பான ஆபத்துடையதாதல் ஏன் என்னும் வினா எழும். அமெரிக்கத் தீயணைப்பு நிருவாகம் 2017 இல் வெளியிட்ட அறிக்கை இதற்கு விடை தருகிறது. உருளைக் கலத்தின் வலுக்குறைந்த பகுதி அதன் முனையாகும். குழல் வடிவான கருவிக்குள் அக்கலம் வெடிக்கும்போது அழுத்தம் முழுவதும் ஒரு முனை வழியே வெளியேற, கருவி வாணம் போலப் பாய்கிறது. 2009 முதல் 2016 வரை அந்நாட்டிற் பதிவான 195 நிகழ்ச்சிகளை அவ்வறிக்கை ஆராய்ந்தது. அவற்றுள் 61 நிகழ்ச்சிகளிற் கருவியோ உபரிக் கலமோ சட்டைப்பையில் இருந்தது. 60 இல் அது பயன்பாட்டிலிருந்தது. 48 இல் மின்னேற்றப்பட்டுக் கொண்டிருந்தது. 18 இல் வெறுமனே எடுத்து வைக்கப்பட்டிருந்தது. 133 பேர் காயமுற்றனர். அவருள் 38 பேரின் காயங்கள் கடுமையானவை. அக்காலப்பகுதியில் உயிரிழப்பு இல்லை. ஆயினும் 2018 இல் புளோரிடாவிலும் 2019 இல் டெக்சாசிலும் ஒவ்வொருவர் இறந்தனர்.

இத்தொகைகளை நுணுகி நோக்குவோர் ஒன்றை உணர்வர். புகைக்கும்போது நிகழ்ந்தவை மூன்றிலொரு பங்கிற்கும் குறைவு. எஞ்சியவற்றுட் பெரும்பாலானவை சட்டைப்பையிலும் மின்னேற்றும் இடத்திலும் வைக்கும் இடத்திலும் நிகழ்ந்தவை. உபரிக் கலத்தைச் சில்லறைக் காசுடனும் திறப்புக்கோவையுடனும் ஒரே பையில் இடுதல் குறுஞ்சுற்றுக்கு வழிவகுக்கும். கலத்தின் மேலுறை கிழிந்திருப்பின் இவ்வாபத்து இரட்டிக்கும். கருவிக்கு உரியதல்லாத மின்னேற்றியைப் பயன்படுத்தல் மற்றொரு காரணம். ஆகவே புகைத்தல் என்னும் செயலினும், கலத்தை வைத்திருத்தல் என்னும் செயலே இங்கு முதன்மையான வினாவாகிறது.

கரையோரச் சூழலும் பழைய பழக்கமும்

புத்தளம் உப்புக்குப் பெயர்போன இடம். அவ்வுப்பே கலத்துக்குப் பகையாகும். உப்புநீர் மின்னை நன்கு கடத்தும். உலோக முனைகளை அரிக்கும். 2012 இல் சாண்டி சூறாவளியின்போது அமெரிக்காவின் நியூவாக் துறைமுகத்திற் கடல்நீர் புகுந்த மின் வாகனங்கள் எரிந்தன. 2022 இல் இயன் சூறாவளியின் பின்னர் புளோரிடாவிலும் அவ்வாறே நிகழ்ந்தது. அங்குச் சில வாகனங்கள் நீர் வடிந்து நாட்கள் சென்றபின் தீப்பற்றின. கடல்நீரில் விழுந்த கலம் உலர்ந்துவிட்டதாற் பழுதற்றதாகிவிட்டது என எண்ணலாகாது என்பது இவற்றால் தெளிவாகும். படகில் நனைந்த கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்து மின்னேற்றுதல், தீயை வீட்டுக்குள் அழைத்து வருதலை ஒக்கும்.

இதனோடு பழைய பழக்கங்களும் சேர்கின்றன. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் மின்கலங்களும் இடம்பெற்றன. அங்குள்ளோர் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, தைனமோவின் துணையால் வானொலி கேட்டனர். வலுவிழந்த டோர்ச் பற்றரியை வெயிலிற் காயவைத்து மீண்டும் சிலநாள் பயன்படுத்தும் வழக்கம் தமிழர் வாழும் இடமெங்கும் முன்னமே உண்டு. தடைக்காலத்தில் அது மேலும் வேரூன்றிற்று. பழுதான பற்றரியைக் கல்லால் உடைத்து அதன் கரிக்கோலை எடுத்துச் சுவரில் எழுதாத சிறுவர் அக்காலத்தில் அரியர். அந்தப் பற்றரி இவை அனைத்தையும் பொறுத்துக்கொண்டது. இலித்தியக் கலம் இவற்றில் ஒன்றையும் பொறுக்காது. அதனை வெயிலில் இடுதல் வெப்பமேற்றலாகும். கல்லால் உடைத்தல் படலத்தைக் கிழித்தலாகும். இரண்டுக்கும் பற்றரி என்று ஒரே பெயர் வழங்குதல், பழைய அறிவைப் புதிய பொருளின்மேல் ஏற்றுவதற்குக் காரணமாகிவிடுகிறது.

தடையும் மறைவும்

புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. அதன்கீழ் 2016 இல் ஆக்கப்பெற்ற ஒழுங்குவிதி, புகையிலை அடங்கிய இலத்திரனியற் சிகரட்டையும் தடைப் பட்டியலிற் சேர்த்தது. தமிழ்நாடு 2018 இலும், இந்திய நடுவண் அரசு 2019 இலும் இலத்திரனியற் சிகரட்டைத் தடைசெய்தன. இளையோரை நிக்கொட்டின் அடிமைத்தனத்திலிருந்து காத்தல் இத்தடைகளின் நோக்கம். அந்நோக்கத்தின் நியாயத்தை மறுத்தல் இக்கட்டுரையின் கருத்தன்று.

ஆயினும் சட்டவழி வரும் பொருள் தனியே வருவதில்லை. தரச்சான்றும் எச்சரிக்கை வாசகமும் கேள்வி கேட்கத்தக்க விற்பனையாளனும் அதனுடன் வருவர். கள்ளவழி வரும் பொருளுடன் இவற்றுள் ஒன்றும் வருவதில்லை. பொருள் எல்லையைக் கள்ளமாகக் கடக்கலாம். அறிவு அவ்வாறு கடப்பதில்லை.

விமானப் பயணம் இதனைத் தெளிவாகக் காட்டும். 2010 செப்தெம்பர் 3 இல் இலித்தியக் கலங்களை ஏற்றிச் சென்ற சரக்கு விமானம் ஒன்று துபாய்க்கு அருகில் தீப்பற்றி வீழ்ந்தது. விமானிகள் இருவரும் மாண்டனர். இத்தகைய பட்டறிவின் பின்னணியில், இலத்திரனியற் சிகரட்டைச் சரக்கறைக்குச் செல்லும் பொதியில் வைத்தல் ஆகாது, பயணி தன் கைப்பையிலேயே கொண்டுசெல்லல் வேண்டும், விமானத்துள் அதனை மின்னேற்றல் ஆகாது எனச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2015 இல் விதித்தது. பயணியர் நடுவே தீ தோன்றினால் உடனே காணலாம், அணைக்கலாம். சரக்கறையில் தோன்றினால் காண்பார் இல்லை என்பதே அவ்விதியின் உட்பொருள்.

வென்னப்புவ, மாரவில முதலிய ஊர்களிலிருந்து இத்தாலிக்குச் சென்றோர் பலர். கற்பிட்டி, புத்தளம் பகுதிகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்குத் தொழிலுக்காகச் சென்றோரும் பலர். விடுமுறையில் ஊர் திரும்பும் ஒருவர் இக்கருவியைத் தம்முடன் கொண்டுவருவதாகக் கொள்வோம். சுங்கப் பரிசோதனைக்கு அஞ்சுபவர் அதனைப் பெரிய பொதியின் அடியில் உடைகளுக்கிடையே மறைக்கவே முற்படுவர். விமான விதி எங்கே வைக்கலாகாது என்கிறதோ அங்கேயே தடையின் அச்சம் அதனை வைக்கத் தூண்டுகிறது. ஒளிப்பதற்கு ஏற்ற இடம் தீக்கும் ஏற்ற இடமாகிவிடுகிறது. அக்கலத்தைப் பற்றி அவர் கேட்ட பாடமும் விமான அறிவிப்போடு முடிந்துவிடுகிறது. கட்டுநாயக்கவில் இறங்கிச் சிலாபம் வழியே புத்தளம் செல்லும் நெடுஞ்சாலையில் அப்பாடத்தை அவருக்கு மீண்டும் கூறுவார் இல்லை.

வீட்டிலும் மாணவர் விடுதியிலும் இதே முரண்பாடு தொடர்கிறது. கலத்தைக் கண்பார்வையில், கடினமான தளத்தின்மீது, எரியத்தக்க பொருள்களை விலக்கி வைத்து மின்னேற்றல் வேண்டும் என்பது பாதுகாப்பு நெறி. பெற்றோருக்கும் விடுதிக் காப்பாளருக்கும் அஞ்சும் இளைஞனோ அதனைத் தலையணைக்கு அடியிலும் உடுப்புப் பெட்டியிலும் வைத்து, எல்லோரும் உறங்கியபின் மின்னேற்றுகிறான். பாதுகாப்பு வெளிச்சத்தை வேண்டுகிறது. தடை மறைவைத் தூண்டுகிறது. கருவி சூடாகிறது, உப்புகிறது, இனிய மணம் வீசுகிறது என்னும் அறிகுறிகளைக் கண்டும் அவன் எவரிடமும் வினவ இயலாது. காயமுற்ற பின்னரும் காரணத்தை மறைப்பானாயின் மருத்துவமும் தவறக்கூடும். கலத்தால் நேரும் காயம் வெப்பத்தால் மட்டுமன்றி இரசாயனப் பொருளாலும் நேர்வதாகலின், எதனால் நேர்ந்தது என்பதை மருத்துவர் அறிதல் இன்றியமையாதது.

2021 இன் கப்பல்

கடலில் வந்த தீயை இக்கரை அண்மையிற் கண்டது. 2021 மே 15 இல் இந்தியாவின் ஹசீராத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ் பேர்ல் என்னும் கப்பல் மே 19 இரவு கொழும்பை அண்மித்தது. 1,486 கொள்கலன்களை அது ஏற்றியிருந்தது. 25 தொன் நைத்திரிக்கமிலமும் இலித்திய அயன் கலங்களும் ஏறத்தாழ 1,680 தொன் பிளாத்திக்கு மணிகளும் அச்சரக்கில் அடங்கியிருந்தன. மே 20 இல் தீ தோன்றியது. மே 25 இல் வெடிப்பு நிகழ்ந்து மாலுமிகள் அகற்றப்பட்டனர். யூன் மாதத்திற் கப்பல் அமிழ்ந்தது. பிளாத்திக்கு மணிகள் மேற்குக் கரையெங்கும் பரவி, புத்தளம் மாவட்டக் கடற்கரையையும் அடைந்தன.

இத்தீயை மூட்டியவை மின்கலங்கள் அல்ல. நைத்திரிக்கமிலக் கசிவே அதற்குக் காரணமெனக் கருதப்படுகிறது. எனினும் இந்நிகழ்ச்சி நம் பொருளுக்கு அயலானதன்று. கசிவு கப்பலில் இருந்தோருக்கு முன்னரே தெரியும். கசிந்த கொள்கலனை இறக்கக் கட்டாரின் ஹமாட் துறைமுகத்திலும் ஹசீராவிலும் இடம் கிடைக்கவில்லை. இரு துறைமுகங்களும் ஆபத்தைத் தத்தம் வாயிலில் தடுத்தன. ஆபத்தோ ஒழியவில்லை, அடுத்த கரைக்கு நகர்ந்தது. 2025 யூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் கப்பற் தரப்பினர் 100 கோடி அமெரிக்க டொலர் செலுத்துமாறு தீர்ப்பளித்தது. வாயிலை மூடுதல் ஆபத்தைக் கையாளுதலாகாது என்பதற்கு இதனினும் பெரிய சான்று இக்கடலில் இல்லை.

குப்பி விளக்குத் தந்த பாடம்

தடையையும் அலட்சியத்தையும் தவிர்ந்த மூன்றாவது வழி ஒன்று உண்டா என்னும் வினாவுக்கு இலங்கையின் வரலாற்றிலேயே விடையுள்ளது. மின்சாரம் எட்டாத வீடுகளில் வெற்றுப் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்ட குப்பி விளக்கே நெடுங்காலம் ஒளி தந்தது. 1990 ஒக்தோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும்பாலோர் புத்தளத்தை வந்தடைந்து கிடுகுக் கொட்டில்களில் வாழ்ந்த காலத்தில், ஒரு விளக்குக் கவிழ்தல் என்பது எத்துணைக் கொடிய அச்சமாக இருந்திருக்கும் என்பதை விரித்துரைத்தல் வேண்டா.

குப்பி விளக்கால் எரிந்தோருக்குச் சிகிச்சை செய்துவந்த அறுவை மருத்துவர் விஜய கொடக்கும்புர, அவ்விளக்கு ஏன் கவிழ்கிறது, கவிழ்ந்ததும் ஏன் எரிகிறது என ஆராய்ந்தார். உயரமான போத்தல் எளிதிற் கவிழும். வட்டமான போத்தல் உருளும். தளர்ந்த மூடி எண்ணெயைச் சிந்தும். மெல்லிய கண்ணாடி உடையும். ஆதலின் குட்டையானதும் கனமானதுமான தடித்த கண்ணாடி விளக்கை, இருபுறமும் தட்டையாக, திருகுமூடியுடன் அவர் அமைத்தார். சுதீப என்னும் அவ்விளக்கு குறைந்த விலையில் ஏழை மக்களைச் சென்றடைந்தது. 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது வழங்கப்பட்டது.

குப்பி விளக்கைத் தடைசெய்யுமாறு அவர் கோரவில்லை. ஏழை மக்களின் அறியாமையை இகழவுமில்லை. விபத்தின் காரணத்தைப் பகுத்து, ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு திருகுமூடியைத் தேடினார். இங்கு ஒரு மறுப்பு எழலாம். விளக்கு வாழ்க்கைக்கு இன்றியமையாதது. இலத்திரனியற் சிகரட்டோ தீய பழக்கம். அதன் பாதுகாப்பைக் கற்பித்தல் பழக்கத்தையே ஊக்குவித்தலாகாதா என வினவலாம். வினா தகுந்ததே. ஆயினும் கற்பிக்க வேண்டுவது சிகரட்டைப் பற்றியன்று, கலத்தைப் பற்றி. அக்கலம் கைத்தொலைபேசியிலும், மீனவரின் டோர்ச்சிலும், கையடக்க மின்விசிறியிலும் உள்ளது. 900 மெகாவாற்று ஆற்றலுடைய நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் அயலிலுள்ள வீட்டிலும் இரவு மின்வெட்டின்போது ஒளிதருவது அதுவே. அதனைப் பற்றிய பாடம் எந்தத் தடையையும் மீறாது. எந்தப் பழக்கத்தையும் புகழாது.

அப்பாடம் நீண்டதுமன்று. உபரிக் கலத்தை உலோகப் பொருள்களுடன் சேர்த்து வையாது பிளாத்திக்கு உறையில் இடுதல். உறை கிழிந்த, நசுங்கிய, உப்பிய, கடல்நீரில் நனைந்த கலத்தை மீண்டும் மின்னேற்றாதிருத்தல். உரிய மின்னேற்றியையே பயன்படுத்தி, விழித்திருக்கும் வேளையில், படுக்கையை விட்டு விலக்கி மின்னேற்றுதல். வெயிலில் நிறுத்திய வாகனத்துள் விடாதிருத்தல். பழையதைக் குப்பையிலும் தீயிலும் எறியாதிருத்தல். தீப்பற்றின் முதலில் விலகி, பின் மின்னிணைப்பைத் துண்டித்து, தூரத்திலிருந்து நீரைப் பெய்தல். காயமுற்றோரின் எரிந்த உடையை அகற்றி, ஓடும் நீரிற் குளிர்வித்து, கலத்தால் நேர்ந்த காயம் என்பதை மறையாது மருத்துவரிடம் கூறுதல். இவ்வளவே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் ஓர் உண்மை புலனாகும். தடை என்பது பொருளின் வருகையைக் குறைக்க வல்ல ஒரு கருவி; வந்துவிட்ட பொருளின் தீங்கைக் குறைக்க அது வல்லதன்று. அதற்கு அறிவே வேண்டும். தடையுடன் மௌனமும் சேருமாயின், அம்மௌனத்தின் விலையைச் செலுத்துவோர் பெரும்பாலும் இளையோராகவே இருப்பர். சிலாபம் முதற் கற்பிட்டி வரை தமிழும் சிங்களமும் அருகருகே வழங்கும் இக்கரையில், பாடசாலைகளும் மீனவர் சங்கங்களும் கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் இவ்வறிவை இரு மொழிகளிலும் பரப்பத்தக்க நிலையில் உள்ளன. பல்கலைக்கழகத் தமிழ் மாணவருக்கும் இதிற் பங்குண்டு. கலைச்சொல்லாக மட்டும் அறிவியலைத் தமிழிற் பெயர்த்தல் போதாது. அடுக்களைக்கும் படகுக்கும் விடுதி அறைக்கும் அது சென்றடைதல் வேண்டும்.

கற்பிட்டிக் கோட்டை இன்றும் நிற்கிறது. அது கடற்படையினரின் வசம் உள்ளது. களப்பின் முகப்பைக் காவல் செய்யும் பணி மூன்றரை நூற்றாண்டுகளாக ஏதோ ஒரு வடிவில் தொடர்கிறது. அப்பணி தேவையானதே. ஆயினும் அக்காவலைக் கடந்து ஒரு மாணவனின் சட்டைப்பையை அடைந்துவிட்ட கலத்தைக் கோட்டையாற் காண இயலாது. அதனைக் காணவல்லவர் அவனருகில் இருப்போரும் அவனுமே. காசிச்செட்டி தம் ஊரில் தொடங்கிய பணி, அறியத்தக்கதைத் திரட்டி அறியாதார்க்கு அளிக்கும் பணி, அவர்களிடத்தே தொடர்தல் வேண்டும்.